தாமதம் யாருடையது

அர்க்கா என்ற குழல் ஒரு கம்பளித் துணியில் சுற்றப்பட்டுத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவள் எடில்பெர்த்தோவின் மனைவி வில்மா. கொடுத்தனுப்பியவன் அவளுடைய அண்ணன் ரொலாந்தோ. அதை மேசைமேல் வைத்துவிட்டு அவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

சிகு என்பது ஒற்றை ஆள் வாசிக்கிற குழல் அல்ல. ஒரே பாட்டின் சுரங்கள் இரண்டு பேரிடம் பிரிந்து கிடக்கும். ஆறு குழாய்களைச் சேர்த்துக் கட்டியது ஈரா. அது முன்னால் போகும். ஏழு குழாய் கட்டியது அர்க்கா. அது பதில் சொல்லும். வலது கால், இடது கால் என்று மனிதன் நடப்பதுபோலப் பாட்டு இரண்டு வாய்களில் மாறி மாறி நடந்து போகும். ஒருவன் மட்டும் ஊதினால் அதை நொண்டல் என்றுகூடச் சொல்ல முடியாது. தூக்கிய காலை ஊன்றாமல் நிற்பதுதான். அதனால் அர்க்காவைத் திருப்பி அனுப்பினால் அதற்கு மேல் வார்த்தை வேண்டியதில்லை. உன்னோடு இனி நிற்க மாட்டேன் என்று அர்த்தம்.

காரணம் எடில்பெர்த்தோவுக்குத் தெரியும். பூனோ பேருந்து நிலையத்தில் அவன் டைம் கீப்பர். ஹூலியாக்கா வண்டியும் அரெகிப்பா வண்டியும் அவன் விசில் கேட்டால்தான் நகரும். தாமதம் எங்கே இருந்தாலும் முதலில் அவன் கண்ணில்தான் படும். அவர்கள் சிகுக் குழுவின் கடைசிப் பயிற்சியில், எல்லோரும் வட்டமாக நிற்கும்போது, வாசிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"மச்சான், நீ எப்பவுமே லேட்டு. உன்னாலதான் பாட்டு நொண்டுது."

ரொலாந்தோ மறுபடி குழலை வாயில் வைத்தான். பாட்டை முடித்துவிட்டுப் போனான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காண்டெலாரியா மாதா விழாவுக்கென்று இருவரும் சேர்ந்து ஒரு புதுப் பாட்டு கட்டியிருந்தார்கள். முதல் விழா ஒத்திகைக்குள் அதை ஒலிப்பதிவு செய்து அனுப்பினால் எல்லோரும் வீட்டிலேயே கேட்டுப் பழகலாம், இல்லையென்றால் போன வருஷப் பாட்டுத்தான் என்று குழுத் தலைவர் தெயோஃபிலோ சொல்லிவிட்டார். எடில்பெர்த்தோ வாழ்க்கையில் கட்டிய முதல் பாட்டு அது. ரொலாந்தோவிடம் போய் நிற்க மனமில்லை. ஈராவும் அர்க்காவும் இப்போது ஒரே மேசைமேல் இருந்தன. முதலில் ஒன்றை வாசித்துப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே மற்றதையும் தானே வாசித்துவிட்டால் என்ன?

அந்த வாரமே ஹூலியாக்கா கடைத்தெருவில் போய் நின்றான். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது மின்சாரத்தில் இயங்கும் நுட்பமான மைக். மூச்சு விட்டாலும் பிடித்துவிடும் என்றார். அதுதான் சிக்கல். சிகுவில் பாதி சத்தம் மூச்சு. அதோடு தெருவில் போகிற மோட்டார் ரிக்ஷா, பக்கத்து வீட்டு நாய், வில்மாவின் குக்கர் எல்லாமே பாட்டுக்குள் வந்துவிடும். ஆகவே மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கிற முரட்டு மைக்கை எடுத்துக்கொண்டான். அதன் காது மந்தம். கிட்டே இருப்பதைத்தான் கேட்கும். மைக்குக்கும் கணினிக்கும் நடுவே, ஒலியை எண்களாக்கித் தருகிற சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினான். மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. அலமாரி அறைச் சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டான், எதிரொலி வராமல் இருக்க.

ஹெட்போனில் கணினியின் தாளத் துடிப்பைக் கேட்டபடி ஈராவைப் பதிந்தான். பிறகு துடிப்போடு அதையும் கேட்டபடி அர்க்காவை ஊதினான். சேர்த்துப் போட்டுக் கேட்டால், அர்க்கா ஒவ்வொரு முறையும் ஒரு நூல் பிந்தி வந்தது.

முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரொலாந்தோ குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறானோ என்று தோன்றியது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டான். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடாது. ஒரு வாளி நிறையும்வரை காத்திருந்து மொத்தமாகக் கொண்டுபோகும். பெரிய வாளி என்றால் அதற்கு வேலை குறைவு, ஆனால் நமக்குக் காத்திருப்பு அதிகம். சின்ன வாளி என்றால் ஒலி சீக்கிரம் வரும், ஆனால் ஓடி ஓடி மூச்சு வாங்கி நடுவே படபடவென்று வெடிக்கும். எடில்பெர்த்தோ வாளியைச் சிறிதாக்கினான். வெடித்தது. கொஞ்சம் பெரிதாக்கினான். பிந்தியது. பெட்டிதான் மட்டம் என்று அதை மாற்றி வேறு வாங்கினான். பிறகு மென்பொருளை மாற்றினான், ஒயரை மாற்றினான். அர்க்கா அசையவில்லை, அதே ஒரு நூல்.

ஒத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. நிலையத்தில் விசில் ஊதும்போதும் அந்த ஒரு நூல்தான் காதில் இருந்தது. வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வில்மா தன் அண்ணன் பேச்சை எடுக்காமலே சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டான். ஹெட்போனை மைக்கின் வாயில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். கணினி தாளத் துடிப்பு ஒன்றைப் போடும், அந்தத் துடிப்பு மைக் வழியாகத் திரும்பி வரும், போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் இயந்திரத்தின் தாமதம், அந்த அளவை மென்பொருளிடம் சொல்லிவிட்டால் அதுவே கழித்துக்கொள்ளும் என்று அவளுக்கு விளக்கினான். அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். அளந்தான், கழித்தான், மறுபடி ஓட்டினான். திரையில் போன துடிப்பும் வந்த துடிப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. இயந்திரத்தில் இப்போது தாமதமே இல்லை.

மறுபடியும் ஈரா. மறுபடியும் அர்க்கா. அதே இடைவெளி.

திரையில் தாளத்துக்கு ஒரு கோடு என்று வரிசையாக இருந்தது. இத்தனை நாள் அவன் பார்த்தது ஒலி எழுந்து விழும் குன்றுகளை மட்டும்தான். இப்போது கோடுகளைப் பார்த்தான். அர்க்காவின் குன்றுகள் கோட்டின்மேல் நின்றன. ஈராவின் குன்றுகள் எல்லாம் கோட்டுக்கு முன்னால் நின்றன.

இயந்திரத்தால் பிந்த முடியும். இன்னும் ஊதாத சுரத்தை முந்திக்கொண்டு தர அதற்குத் தெரியாது. முந்தியது ஊதினவன்.

வரிசையை மாற்றிப் பார்த்தான். அர்க்காவை முதலில் பதிந்து, ஈராவை அதன்மேல் வாசித்தான். ஈரா பாய்ந்துகொண்டுதான் வந்தது. போன வருஷ விழாவில் வில்மா போனில் எடுத்திருந்த வீடியோவின் ஒலியைத் திரையில் விரித்தான். முரசின் அடிகள் மலைபோல எழுந்து நின்றன. ஒவ்வொரு மலைக்கும் முன்னால் அவனுடைய ஈரா. மலைமேல் ரொலாந்தோவின் அர்க்கா. ஒவ்வொரு வரி முடிவிலும் அர்க்கா தன் சுரத்தைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்து, ஓடுகிறவனின் சட்டையை இழுப்பதுபோல ஈராவை முரசடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. எடில்பெர்த்தோ இத்தனை நாள் தாமதம் என்று கேட்டது அந்த நீட்டலைத்தான்.

வில்மா இன்னும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். திரையில் தெரிந்ததை அவன் மறைக்காமல் சொன்னான். அவள் ஹெட்போனைக் கீழே வைத்தாள்.

"இத்தனை நாளா மெஷினைத் திட்டுன. அதுக்கு முன்னாடி எங்க அண்ணனைத் திட்டுன. இனி பாக்கி யாரு?"

பல்கலைக்கழகத்துக்கு எதிரே ரொலாந்தோவின் ஜெராக்ஸ் கடை. எடில்பெர்த்தோ அர்க்காவைச் சுற்றிய கம்பளித் துணியை மார்போடு பிடித்துக்கொண்டு போய், மாணவர்கள் கலையும்வரை காத்திருந்தான். பிறகு கணினியைத் திறந்து கோடுகளையும் குன்றுகளையும் காட்டினான். வாளியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினான். ரொலாந்தோ தாள் அடுக்கியபடியே கேட்டான்.

"இதுக்கு இவ்வளவு சாமான் வாங்கணுமா, மாப்ளே? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"தெரியுமா உனக்கு?"

"வருஷக்கணக்கா பின்னாடியே ஓடுறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் மச்சான் சொல்லல?"

"முன்னாடி போறவன் ஓடத்தான் செய்வான். புடிச்சு நிறுத்துறது பின்னாடி வர்றவன் வேலை. வேலையைப் போய்ச் சொல்லிக் காட்டுவாங்களா?"

எடில்பெர்த்தோ துணியை அவன் பக்கமாகத் தள்ளினான். ரொலாந்தோ அதைத் தொடவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, சிக்கியிருந்த தாளை உருவினான்.

"வட்டத்துல வச்சு சொன்ன. இங்க வந்து ஜெராக்ஸ் மெஷின்கிட்ட மன்னிப்புக் கேட்டா எப்படி?"

ஒத்திகைக்கு வருவாயா என்று எடில்பெர்த்தோ கேட்டதற்கு ரொலாந்தோ இயந்திரத்தின் மூடியைச் சாத்தினான். அடுத்த மாணவன் வந்து நின்றான்.

இரண்டையும் தானே ஊதிய பதிவை எடில்பெர்த்தோ யாருக்கும் அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதை அழித்தான்.

ஒத்திகை பள்ளிக்கூட மைதானத்தில். ஏரியிலிருந்து காற்று வெட்டிக்கொண்டு வந்தது. ஜோடி ஜோடியாக வட்டம் கட்டி நின்றார்கள். எடில்பெர்த்தோ தன் பக்கத்துக் காலி இடத்தில் துணியை விரித்து அதன்மேல் அர்க்காவை வைத்தான். பதிவு ஏன் வரவில்லை என்று தெயோஃபிலோ கேட்டார்.

"லேட்டா வந்தது ரொலாந்தோ இல்ல. நான்தான் முந்திக்கிட்டே இருந்திருக்கேன். அன்னைக்கு இங்க நின்னு தப்பாச் சொல்லிட்டேன்."

ஒருவர் இருமினார். கேட்க வேண்டியவன் இங்கே இல்லையே என்றார் தெயோஃபிலோ. பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, பாட்டையாவது வாசித்துக் காட்டச் சொன்னார். பாதிதான் இருக்கிறது என்றான் எடில்பெர்த்தோ. இருக்கிற பாதியை வாசி என்றார் அவர்.

ஊதினான். முதல் சுரத்தைப் பாதியில் நறுக்காமல் கடைசிவரை பிடித்தான். அடுத்த சுரத்தின் இடத்தில் காற்றுதான் இருந்தது. அதன் நீளம் முழுவதும் காத்துக்கொண்டு நின்றான். அத்தனை வருஷத்தில் அந்த இடம் அவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது. வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பாதிப் பாட்டு மைதானத்தில் தட்டுத் தடுமாறி நடந்து முடிந்தது.

இரும்புக் கதவருகே ரொலாந்தோ நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டான் என்று தெரியவில்லை. மை படிந்த கைகள் கால்சட்டைப் பைக்குள் இருந்தன.

"ரெண்டாவது வரியில இன்னும் முந்துற, மாப்ளே."

அவன் உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. எடில்பெர்த்தோ தலையாட்டிவிட்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தான்.