ஒரு சீட்டுக்கான சத்தம்

மாமனார் வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை, ஜெனரேட்டர் பழுது பார்க்கிறார். பட்டம்தான் தமக்குப் பெரியது, கவனிப்பெல்லாம் சகலைக்குத்தான் என்பது பெரியவரின் நெடுநாள் மனக்குறை. சகலையிடம் ஏதாவது கேட்டால் பாதி நேரம் பதிலே வராது. ஒரு புன்னகையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் புன்னகையைத் திமிர் என்று பெரியவர் என்றோ முடிவுகட்டியிருந்தார்.

இதையெல்லாம் அவர் எப்படியோ விழுங்கிவிட்டார். விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றது ஒன்றே ஒன்று. அவருடைய ஒரே மகள் விடுமுறை வந்தால் வீட்டில் தங்குவதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். சித்தி வீடு என்பது பேச்சுக்குத்தான்; போவது சித்தப்பாவோடு உட்கார்ந்து படம் பார்க்க. பெற்றவன் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்க, பிள்ளை அங்கே போய் ஒட்டிக்கொண்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அப்படி என்ன இருக்கிறது அங்கே? சின்ன அறை. ஒரு புரொஜெக்டர். உள்ளே அமுங்கிப்போன சோபா. மூலையில் கறுப்பாக ஒரு சப்வூஃபர். பேச்சையும் பாட்டையும் மற்ற ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். இடி, வெடி, விமானத்தின் உறுமல் போன்ற, பேஸ் என்கிற கனத்த சத்தங்களை மட்டும் வாங்கித் தரையை அதிரவைப்பது இந்தப் பெட்டியின் வேலை. “அங்க எப்படி அதிருது தெரியுமாப்பா” என்று மகள் ஒருநாள் சொல்லியிருந்தாள். பெரியவருக்கு அந்த ஒரு சாட்சி போதும். மகளைக் கொத்திக்கொண்டு போனது அந்தப் பெட்டிதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

மாடியில் வாடகைக்கு விட்டிருந்த இரண்டு அறைகளும் காலியானதும், நடுச்சுவரை இடித்து ஒரே கூடமாக்கினார். சகலையின் அறையை அதற்குள் மூன்று தடவை வைத்து மூடலாம். திரை, எதிரொலியை அடக்க மெத்தைச் சுவர், நாற்காலிகள் என்று கையிருப்பெல்லாம் கரைந்து, சப்வூஃபர் வாங்கும் நேரத்தில் மிஞ்சியது சொற்பம். இதற்கு மேல் ஒரு பைசா கேட்டால் ஊமைப் படமாகவே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

கூடத்தைப் பார்க்க வந்த சகலை நடுவில் நின்று தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

“அண்ணா, ஹால் ரொம்பப் பெருசு. இருக்கற காசுல பெருசா ஒண்ணு வாங்காதீங்க. நடுத்தரமா ரெண்டு வாங்குங்க. ஒண்ணு வச்சா ஒரு சீட்டுக்கு நல்லா வரும், பின்னாடி சீட்டுக்கு ஒண்ணுமே வராது. ரெண்டையும் எதிர் எதிரா வச்சா எல்லாருக்கும் போய்ச் சேரும்.”

பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று முழுக்க அந்தப் பேச்சு உள்ளே கிடந்து குடைந்தது. இரண்டு நடுத்தரமாமே! குடும்பத்திலேயே பெரிய பெட்டி தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான், நம்மைக் குட்டிகளாக இரண்டு வாங்கவைத்து அமுக்கப் பார்க்கிறான். பொறாமை பிடித்தவன் என்று சகலையைத் திட்டித் தீர்த்தார்.

ஸ்பீக்கர் கடையிலும் அதே கதைதான். கூடத்தின் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்ட கடைக்காரர், குறைந்த விலையில் இரண்டாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்றார். பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஜெனரேட்டர் மெக்கானிக் யாராவது போன் செய்தார்களா என்று விசாரித்தார். கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். கடைசியில் அந்தக் காசுக்குக் கிடைப்பதிலேயே பெரிய பெட்டி எதுவோ அதைக் காட்டச் சொன்னார் பெரியவர். குளியலறை அளவுக்கு இருந்த ஒரு கண்ணாடி அறையில் அதைப் போட்டுக் காட்டினார்கள். சட்டைப் பொத்தான்கள் படபடத்தன. அங்கேயே வியாபாரம் முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துப் போட்டால், அந்தப் பூதம் சளி பிடித்தவன் மாதிரி இருமியது. பெரியவருக்கு உயிரே போய்விட்டது. கடைக்காரரைப் போனில் பிடித்தார். அவர் ஒரு வழி சொன்னார். நீங்கள் உட்காரும் நாற்காலியில் பெட்டியைத் தூக்கி வையுங்கள். பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் சத்தம் நன்றாக வருகிறதோ, பெட்டியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வையுங்கள். உங்கள் நாற்காலியில் அதே சத்தம் கேட்கும்.

மத்தியானம் கதவைத் தாழிட்டுவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு தவழத் தொடங்கினார். இரண்டு அறைகளாக இருந்த இடம் என்பதால் கூடத்துக்கு இரண்டு கதவுகள் என்பது மறந்துபோயிற்று. மற்றொரு கதவைத் திறந்துகொண்டு வந்த மனைவி, புருஷன் காதைச் சுவரோரம் நீட்டியபடி நாலு காலில் போவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்னத்தத் தொலைச்சீங்க?”

“பேஸு.”

“எந்த சைஸ்ல இருக்கும்?” என்றபடி அவளும் குனிந்து தேட ஆரம்பித்தாள்.

அவளை ஒருவழியாக அனுப்பிவிட்டுத் தவழ்ந்ததில், ஜன்னலுக்குக் கீழே சரியான இடம் அகப்பட்டது. பெட்டியை அங்கே நகர்த்திவிட்டு முன்வரிசையில் தம் நாற்காலியில் சாய்ந்தார். முதுகெலும்பு வரை அதிர்ந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு நாற்காலி போட்டிருந்தார், மகளுக்கு. படம் ஓட, அவள் பயந்துபோய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வதாக ஒரு காட்சியை மனதுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று. பின்னால் கிடந்த சோபாக்களில் எப்படிக் கேட்கும் என்று அவர் தவழ்ந்தும் பார்க்கவில்லை, உட்கார்ந்தும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சகலையும் மச்சினியும் வந்தார்கள். பெரியவர் வாசலுக்கே போய் வரவேற்றார். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, மகளிடம் முன்னாலிருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், அழகாக இருக்கிறது என்றாள். பிறகு, “நான் சித்தப்பா பக்கத்துல உக்காந்துக்கறேன்பா” என்று கடைசி வரிசைச் சோபாவுக்குப் போய்விட்டாள்.

படம் ஆரம்பித்தது. ரயில் ஓடியது, மலை சரிந்தது. பெரியவரின் நாற்காலி குதித்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவர் ஆசையாகத் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு முகத்திலும் சலனமில்லை. அவர் பக்கத்தில் வாங்கிப் போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது. இன்னொரு முறை திரும்பினார். மகள் சித்தப்பாவின் காதோடு வாயை வைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அவள் மறுபடி குனிந்தாள். விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என்னைப் பற்றித்தான். வேறென்ன இருக்கும்? அப்பா நாலு காலில் தவழ்ந்த கதையை அம்மா சொல்லியிருப்பாள், அதை இவள் அங்கே ஒப்பிக்கிறாள். என் வீட்டில், என் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் மகளின் வாயாலேயே என்னைக் கேலி செய்கிறான். பெரியவருக்கு உடம்பெல்லாம் காந்தியது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ரிமோட்டை எடுத்தார். திரையில் பாலம் வெடித்துச் சிதறும் நேரம் பார்த்துச் சத்தத்தை ஒரேயடியாக அறுத்தார்.

கூடம் ஊமையானது. அந்த அமைதியில் மகளின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“...பாலம் வெடிக்குது சித்தப்பா, பெரிய சத்தம். அவ அடியில மாட்டிக்கிட்டா. ‘கைய விட்டுடாத’ன்னு அவங்கிட்ட சொல்றா. அவன் ‘விட மாட்டேன்’னு...”

அவள் சட்டென்று நிறுத்தினாள். பெரியவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சினி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

பார்வை மங்கியவர்கள் எழுத்துப் பலகையை மனப்பாடமாக ஒப்பித்து ஏமாற்றப் பார்த்தால், அந்த நொடியே கண்டுபிடித்துவிடுகிற மனிதர் பெரியவர். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து புன்னகைத்தவனின் காதை அவர் கண்டுபிடிக்கவில்லை.

சகலை எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். புரிந்துவிட்டது. அதே புன்னகை வந்தது.

“எஞ்சின் பக்கத்துலயே நின்னு நின்னு காது போயிடுச்சு அண்ணா. பேசறது எல்லாம் குழறுது. கனமான சத்தம் மட்டும் உடம்புல தெரியும். எங்க வீட்ல அதிர்றத வச்சு பாதிக் கதை புரியும், மீதிய இவ சொல்லுவா. இங்க பின்னாடி அதிரவே இல்ல. அதான் பாவம், இடி விழுந்தாக்கூட இவளே சொல்ல வேண்டியதாப் போச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “வெளிய யாருக்கும் தெரிய வேணாம். சத்தத்த வச்சே கோளாறு கண்டுபிடிக்கறவன்னு சொல்லித்தான் வேலை குடுக்கறாங்க” என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தினார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரிமோட் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து பின்வரிசைக்குப் போனார். சகலையின் தோளைத் தொட்டு, தம் நாற்காலியைக் காட்டினார்.

“அங்க போய் உக்காருங்க சகலை. அங்க நல்லா அதிரும்.”

வேண்டாம் என்று மறுத்தவரை மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவரை அப்பாவின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

படம் மறுபடி ஓடியது. முன்னால் சகலை, “ஆகா” என்று கைப்பிடியை இறுக்கிக்கொள்வது தெரிந்தது. கடைசி வரிசையில் பெரியவருக்கு ஒன்றும் அதிரவில்லை. செய்தது தப்பு என்று மனம் சொன்னது. அவன் பாவம் என்றும் சொன்னது. ஆனால் மகளின் தலை அந்தப் பக்கம் சாய்ந்து அந்தக் காதோடு சேர்ந்துகொண்டதைப் பார்த்ததும், பாவமெல்லாம் எங்கோ போய்விட்டது. குத்துக்கல் மாதிரி இரண்டு காதும் நன்றாக இருந்து என்ன பிரயோஜனம்? கேட்காத காதைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவானா? அவர் பட்டார்.

மனைவி பக்கம் குனிந்து, கொஞ்சம் உரக்கவே, முன்வரிசைக்கும் எட்டுகிற மாதிரி சொன்னார்.

“எனக்கும் சரியாக் கேக்கல. என்ன சொல்றா அவ?”

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“சும்மா இருங்க. பாவம், அவருக்குக் கேக்காம போயிடும்.”