ஜெர்லின் குரலின் புது முதலாளிகள்

இரண்டு டிவி கம்பெனிகள் ஒன்றாக இணைந்த வெள்ளிக்கிழமை காலையில், கிளியனூர் இன்னாசிராஜ் மகள் ஜெர்லினின் குரல் அவளை விட்டுப் போய்விட்டது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று விழுப்புரம் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். திண்டிவனத்தில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், ஓர் இந்தித் தொடரின் மருமகளுக்கு ஆறு வருடமாகத் தமிழில் டப்பிங் பேசி வந்தவள் ஜெர்லின். இணைந்த கம்பெனியிடம் இப்போது அழுகிற மருமகள்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி போதும் என்று முடிவாகி, ஜெர்லின் பேசிய தொடரை நஷ்டக் கணக்கில் எழுதி மூடினார்கள். அதில் இருந்த குரல்களும் சொத்தோடு சொத்தாகப் போயின. அந்தத் தொடரின் வில்லனுக்குப் பேசிய திண்டிவனம் தாண்டவராயனுக்கும் இதே கதிதான். அவர் மனைவிக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை என்று கேள்வி.

இன்னாசிராஜுக்கு வருத்தம் இருந்தது. மகளுக்கும் சகாய பிரவீனுக்கும் கல்யாணம் என்று மாதா கோவிலில் ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது. பிரவீனின் அம்மா சவுரியம்மாள், "ஊமைப் பொண்ண ஏமாத்திக் கட்டி வெக்கப் பாக்கறீங்களா?" என்று தெருவில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். இன்னாசிராஜ் சென்னை ஆபீசுக்கு நடையாய் நடந்தார். பழைய ஆட்கள் யாரும் இல்லை. புதிதாக வந்தவர்கள் ஒரு போன் நம்பரைக் கொடுத்தார்கள். போட்டால், "வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது ஜெர்லினின் குரல். சந்தாதாரர்களுக்குப் பதில் சொல்ல வைத்துவிட்டார்கள். மகளின் குரல் சொன்னபடி ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதார். பாவம், வேறு என்ன செய்வார்.

கல்யாணப் பூசையில், தலையாட்டினாலே போதும், திருச்சபை ஏற்றுக்கொள்ளும் என்றார் பாதர். ஜெர்லின் மறுத்துவிட்டாள். யார் யார் கல்யாணத்துக்கோ பேசிய வாய், தன் கல்யாணத்துக்கு மட்டும் மூடிக்கிடப்பதா என்ற ரோஷம். அப்பாவின் போனைக் கை காட்டினாள். இன்னாசிராஜ் நம்பரைப் போட்டு மைக் முன்னால் பிடித்தார். வணக்கம் வந்தது, புதிய சேனல் பேக்குகளின் விலை வந்தது, காத்திருக்கச் சொல்லி இசை வந்தது. முதல் வரிசையில் சவுரியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, எந்த ஸ்டுடியோவிலும் பதிவாகாத கிளியனூர்ப் பேச்சில் குரல் சொன்னது: "அப்பா, இங்க ஒரே பேஜாரா இருக்குதுப்பா. நெறைய பேரு லைன்ல காத்துக்கினு இருக்காங்க. ஜல்தியா கேக்கச் சொல்லுங்க."

பாதர் அவசரமாகக் கேட்டார். "சம்மதம்" என்றது குரல். ஜெர்லினின் உதடும் கூடவே அசைந்தது. லைன் கட்டானது.

இப்போது இருவரும் திண்டிவனத்தில் குடியிருக்கிறார்கள். மனைவியோடு பேச வேண்டுமென்றால் பிரவீன் அந்த நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறான்; பக்கத்தில் உட்கார்ந்து ஜெர்லினும் காத்திருக்கிறாள். பெரும்பாலும் லைன் கிடைப்பதில்லை. போன மாதம், இந்தக் கம்பெனியை இன்னும் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. அதிலிருந்து சவுரியம்மாள் தினமும் காலையில் மகனுக்குப் போன் செய்து, மருமகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாளா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிடுகிறாள்.