எங்கள் சபையில் இல்லை

அன்று விடுதியின் மாடி முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மறைந்த போதகரின் மனைவி, ஊரெல்லாம் போதகரம்மா என்று அழைக்கும் பெரியவர். அந்தப் பெண்கள் விடுதியை நடத்தும் கத்தோலிக்க சிஸ்டர். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த, காதிலும் கழுத்திலும் ஒன்றும் அணியாத நர்ஸ். லுத்தரன் சபைத் தையல்காரி, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதால் ஆமென் அக்கா என்று பெயர் வாங்கியவள். கூட்டக் குறிப்பு எழுத வந்த, போதகரம்மாவின் சபையையே சேர்ந்த டைப்பிஸ்ட். ஜன்னலோரக் கடைசி நாற்காலியில் போதகரம்மாவின் மருமகள். ஏழாவதாக யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பிறகு நிறையப் பேர் முளைத்தார்கள்.

நான்கு சபைப் பெண்களும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுகிறார்கள் என்பது எட்டு மாதப் பழைய செய்தி. மனைவியை அடிக்கிறவன் எந்தச் சபையிலும் பொறுப்பில் இருக்கக் கூடாது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். எழுத ஒரு பிற்பகல் போதும். ஆனால் கத்தோலிக்கர் எழுதும் ‘செபம்’ என்று போடுவதா மற்றவர்கள் எழுதும் ‘ஜெபம்’ என்று போடுவதா என்பதிலேயே இரண்டு மாதம் போனது. யார் கையெழுத்து மேலே வர வேண்டும் என்பதில் இன்னும் இரண்டு. சபைகள் தோன்றிய ஆண்டுகளை எடுத்து வைத்து வாதாடினார்கள். அடிபட்டவர்கள் சொன்ன தேதிகளைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இதற்கெல்லாம் மேலாக ஒரு விதி. பிற சபையின் குறையை யாரும் பேசக் கூடாது. தன் சபையின் குறையை மட்டுமே சொல்லலாம். அமைதிக்காக அதைக் கொண்டுவந்தவர் போதகரம்மாதான். விதி நன்றாகவே வேலை செய்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்று அவர் வந்தது கடிதத்துக்காக அல்ல. மருமகள் வீட்டைவிட்டு இந்த விடுதிக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அண்டை அயலில் சொல்லிவைத்திருந்தார். வரும் ஞாயிறு சபைச் செயலாளர் தேர்தல். பாடகர் குழுத் தலைவனான மகன் நிற்கிறான். அதற்குள் அவள் குடும்ப பெஞ்சில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். மூன்று தலைமுறையாகப் பிரசங்க மேடை ஏறிய குடும்பம் அது. கூட்டம் தொடங்குமுன் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

“ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது வீட்டுக்கு வா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்புறம்னு சொல்லிச் சொல்லியே ஆறு வருஷம் ஓட்டிட்டீங்க அத்தை.”

“குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு.”

“இருக்கு அத்தை. இந்தக் கட்டுக்குள்ளதான் இருக்கு.” துணிக்கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு மேலே போனாள். வாய் நீளம் என்று நினைத்துக்கொண்டே போதகரம்மாவும் ஏறினார்.

சிஸ்டர் தொண்டையைச் செருமினார். “இன்னைக்கு முடிச்சிடணும். வெறும் உபதேசமா அனுப்பினா பாதிரியார்கள் படிச்சிட்டு மடிச்சு வெச்சிடுவாங்க. அவங்கவங்க சபையில நடந்ததை எழுதி இணைச்சிடுவோம்.”

“நீங்களே ஆரம்பிங்க சிஸ்டர்” என்றார் நர்ஸ்.

“எங்க பங்குக் கோயில்ல... ஏதோ கேள்விப்பட்டேன். உறுதியா தெரியாது.”

அடிபட்டு வந்து விடுதியில் படுத்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். சிஸ்டருக்கு உறுதியாகத் தெரியாதாம்.

“எங்க சபையில குடியே கிடையாதே. அப்புறம் அடி எங்கேருந்து வரும்?” என்றார் நர்ஸ். பகலெல்லாம் கட்டுப்போடும் கை அது. தன் சபை மூப்பரின் மனைவிக்கே இரண்டு முறை தையல் போட்டிருக்கிறது.

“எங்க ஆம்பளைங்க பசு மாதிரி” என்றாள் ஆமென் அக்கா.

போதகரம்மா இவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நீதி கேட்கப் புறப்பட்ட லட்சணம் இது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோல ஆளுக்கு ஆள் தன் வீட்டுப் பெருமை பேசுகிறார்கள்.

அவர் முறை வந்தது. வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் முந்திக்கொண்டார். “போதகரம்மா சபையில என்ன இருக்கப்போகுது? அவங்க குடும்பமே ஒரு சாட்சி.”

“அப்படியொரு குடும்பம்” என்றார் நர்ஸ், தரையைப் பார்த்தபடி.

“ஆமென்” என்றாள் அக்கா.

டைப்பிஸ்ட் யாரும் சொல்லாமலே ‘இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

போதகரம்மாவுக்குக் காது சுட்டது. மரியாதை அவர் ஐம்பது ஆண்டுகளாக வாங்கிப் பழகிய பொருள். போலி கைக்கு வந்தால் தெரியும். மருமகள் கையில் இருந்த கட்டைப் போட்டது இந்த நர்ஸ்தான். அவளுக்குப் பாய் போட்டது இந்த சிஸ்டர்தான். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, பாவம் பெரிய மனுஷி என்று அவருக்குப் போர்த்திவிடுகிறார்கள். செபம், ஜெபம் என்று இரண்டு மாதம் குடுமிப்பிடிச் சண்டை போட்ட கூட்டம் அவருக்கு இரக்கம் காட்டுகிறது!

“யாருக்கு யார் பிச்சை போடுறது?” என்றார்.

டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார்.

“அந்த ‘இல்லை’யை அடி. எழுது. பாடகர் குழுத் தலைவர். என் மகன். போன திங்கட்கிழமை பெண்டாட்டி கையை முறுக்கினான். அது முதல் தடவை இல்ல. நான் அடுத்த ரூம்ல இருந்தேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெச்சேன். அதையும் எழுது.”

“ஆமென்” என்றாள் அக்கா, பழக்க தோஷத்தில்.

“இதுக்கு எதுக்குடி ஆமென்? உன் பசுமாடு போன வருஷம் உன் பல்லைப் பேத்துச்சே, அதைச் சொல்லு முதல்ல.”

விதியை உண்டாக்கியவரே உடைத்தார். ஆமென் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டைப்பிஸ்ட்டின் பேனா நின்றது. “பேரும் போடணுமாம்மா?”

“ஞானஸ்நானத் தொட்டி முன்னால நின்னு அவங்கப்பா வெச்ச பேரு. ஒளிச்சு வெக்கவா வெச்சாரு? போடு.”

அதற்குப் பிறகு நர்ஸுக்கு மூப்பர் ஞாபகத்துக்கு வந்தார். சிஸ்டருக்கும் திடீரென்று எல்லாம் உறுதியாகத் தெரிந்தது. பாயில் படுத்திருந்த பெண்களையே அங்கே அழைத்துவரச் செய்தார். அவர்கள் சொல்லச் சொல்லக் குறிப்பு நீண்டது. ஆமென் அக்கா கடைசியில், மிகச் சின்னக் குரலில் சொன்னாள். ஒருத்தி சேற்றில் இறங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குச் செருப்பைக் கழற்றத் தைரியம் வருகிறது. எட்டு மாதம் நகராத கடிதம் அன்று சாயங்காலமே ஐந்து பக்கமாகி நான்கு சபைகளுக்கும் போனது. யார் கையெழுத்து மேலே என்று ஒருவரும் கேட்கவில்லை. போதகரம்மா பேனாவை வாங்கி முதலில் போட்டுவிட்டார்.

புறப்படும்போது மருமகள் வாசல்வரை வந்தாள். வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. “உன் துணிமணியை நாளைக்கு அனுப்புறேன். வேற என்ன வேணும்?” என்றார்.

“தையல் மெஷின், அத்தை.”

“ஆள் வெச்சு அனுப்புறேன்.”

ஞாயிற்றுக்கிழமை தேர்தலில் மகன் பெயர் இல்லை. போதகரம்மா குடும்ப பெஞ்சில் தனியாக, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தன்று அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசிவிட்டார் என்று மகன் தரப்பில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. கூட்டம் முடிந்ததும் நர்ஸ் அளந்து பார்த்தார். சரியாக இருந்தது.