கோட்டை பார்க்கப் போனவர்கள்

பட்டாளத்தில் சேர்ந்து முதல் லீவில் வந்தபோது, "மெட்ராஸ் கோட்டையில ஒரு மியூசியம் கீதும்மா, அடுத்த தபா உன்னைக் கூட்டிக்கினு போறேன்" என்று ஜீவானந்தம் அம்மா அம்சவல்லியிடம் சொல்லியிருந்தான். அடுத்த தபா அவன் வரவில்லை. அமைதிப்படையோடு இலங்கைக்குப் போன இடத்தில் கண்ணிவெடியில் செத்துப்போனான். சாம்பல்தான் வந்தது. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் அம்சவல்லி தானே கிளம்பினாள். அவள் புருஷன் கன்னியப்பனும் கூடவே வந்தார். சேதி வந்த நாளிலிருந்து அவர் மகன் பேச்சையே எடுப்பதில்லை.

தண்டலத்தில் பஸ் ஏறி பாரிஸ் கார்னரில் இறங்கி நடந்தார்கள். கோட்டை வாசலில் போலீஸ்காரர் எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்றதும் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். அந்த மே மாதத்துக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் எங்கே போனாலும் அந்த ஊர்ப் பெயருக்கு இதுதான் மரியாதை. பையில் புளிச்சோற்றுத் தூக்குச்சட்டி மட்டும்தான் இருந்தது.

உள்ளே வாள், துப்பாக்கி, பதக்கம் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். அம்சவல்லி ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். யாரோ வெள்ளைக்காரச் சிப்பாயின் சிவப்புச் சட்டை. தோள் ரொம்பக் குறுகல். போட்டிருந்தவன் சின்னப் பையனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"இவன் ஊருக்குத் திரும்பிப் போனானா?" என்று அங்கே காவலுக்கு நின்ற பரசுராமனைக் கேட்டாள்.

"யாருக்கும்மா தெரியும்? பேரே தெரியாது" என்றவர் கன்னியப்பனிடம் திரும்பி, "வூட்ல யாராச்சும் மிலிட்டரியா?" என்றார்.

"எம்புள்ள" என்றார் கன்னியப்பன். "யாழ்ப்பாணத்துல கீறான்."

அம்சவல்லி திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"இன்னா பெரியவரே, நம்ம பட்டாளம் போன வருஷமே மொத்தமா திரும்பிடுச்சே?"

கன்னியப்பன் பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தலையைக் குனிந்தார். அம்சவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க சார். எம்புள்ள மட்டும் வரல" என்றாள்.

பரசுராமன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். கன்னியப்பன் அதில் உட்கார்ந்து, தோள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். பரசுராமன் அவர்களை அடுத்த அறைக்குத் திருப்பிவிட்டார்.

திரும்பும்போது, பஸ் பூந்தமல்லி தாண்டியதும், கன்னியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"ஏரிக்கரையில நான் சைக்கிள்ல வருவேன். ஜீவா கூடவே ஓடியாருவான். எவ்ளோ மிதிச்சாலும் அவனை முந்த முடியாது."

"எனக்குத் தெரியாதே. எப்போ?"

"நீ களைபறிக்கப் போயிருப்ப."

"சொல்லுங்க" என்றாள் அம்சவல்லி.

அவர் சொன்னார். தண்டலத்தில் இறங்கி வரப்பில் நடக்கும்போதும் சொல்லிக்கொண்டே வந்தார்.