மாமி போட்ட வட்டம்

குளியலறைக் கதவை மாமியார் இரண்டு தரம் தட்டினாள்.

"தலைக்கு ஊத்துற சத்தம் கேக்குதே, இன்னிக்கு என்ன முழுக்கு?"

"வெளிய வந்து சொல்றேன் மாமி."

மருமகளுக்கு மாதவிலக்கு என்றைக்கு வந்தது, என்றைக்கு நின்றது என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் நாள்காட்டியில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவது மாமியாரின் வேலை. கொல்லைக் கொடியில் காயும் துணியைக்கூடப் புரட்டிப் பார்ப்பாள். வெட்கம் என்பது மருமகள்களுக்கு மட்டும் உள்ளது என்பது அவள் கொள்கை.

தலாக் சொல்லப்பட்டவள் மூன்று விலக்கு முடியும்வரை புருஷன் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இத்தா என்னும் காத்திருப்பில் இருக்க வேண்டும். அந்தத் தவணை தாண்டினால் அவள் அவன் மனைவி இல்லை; அதற்குள் புருஷன் மனம் மாறினால் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். சட்டம் திறந்து வைத்த அந்த வாசலை இந்த வீட்டார் எலிப்பொறி ஆக்கியிருந்தார்கள்.

மகன் மெத்தைக்கடைக்காரன். அடி தாங்காமல் பிரிந்து போகிறேன் என்று இவள் கேட்டதுதான் குற்றம். முதல் தலாக் சொன்னான். மூன்றாம் விலக்கு முடிந்து முழுகுவதற்கு முந்தின நாள் சாட்சிகளோடு வந்து "மீட்டுக்கிட்டேன்" என்றான். பத்தே நாளில் இரண்டாம் தலாக். மறுபடி முதல் வட்டத்திலிருந்து எண்ணிக்கை. வைக்கோற்போர் நாய்க்காவது படுக்க இடம் வேண்டியிருந்தது. இவனுக்கு அந்தக் காரணமும் இல்லை.

அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் வேறொருத்தி உட்கார்ந்து கண்ணாடி தேய்க்கிறாள். "இந்த மாசக் கடைசிக்குள்ள வந்தா உன் நாற்காலி உனக்கு. இன்னொரு மூணு மாசம்னா என்னால முடியாதும்மா" என்று கடைக்கார அக்கா சொல்லியனுப்பியிருந்தாள்.

அடைத்து வைத்தவர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். அறை அலமாரியில் கல்யாணத்துக்கு வந்த மார்க்கச் சட்டப் புத்தகம் ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. பொழுது போகாமல் பிரித்தாள். பிறகு பொழுது போதவில்லை.

அன்று சாயங்காலம் அவளை இரண்டாம் தரம் மீட்டுக்கொள்ளக் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இமாமும் இரண்டு சாட்சிகளும் வந்து உட்கார்ந்ததும் மெத்தைக்கடைக்காரன் தொண்டையைச் செருமினான். ஈரத்தலையில் முக்காடு போட்டு அவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ஹஜ்ரத், என் இத்தா முடிஞ்சுபோச்சு. சுத்தமாகிக் குளிச்சிட்டேன்."

"பொய்!" மாமியார் நாள்காட்டியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "இன்னும் மூணு நாள் கிடக்கு. இதோ பாருங்க, வட்டம்!"

"இந்தத் தடவ மூணு நாள் முந்தியே வந்துச்சு மாமி. அந்த மூணு நாளும் துணியை அறைக்குள்ளயே காயப்போட்டேன். விலக்குல தொழக்கூடாதே, அதான் தொழுகைப் பாய விரிச்சு உக்காந்து தஸ்பீஹ் மட்டும் ஓதினேன். உங்களுக்கு என் முதுகுதான தெரிஞ்சுது."

"நாடகக்காரி! இவ சொன்னா ஆச்சா?"

இமாம் தாடியைத் தடவினார். யாருக்கும் பகையாகாமல் பிழைக்கிறவர். ஆனாலும் அவள் கையில் இருந்த புத்தகத்தை அவர் பார்த்துவிட்டார்.

"சத்தியமா சொல்றியாம்மா?"

"அல்லாஹ் மேல சத்தியமா."

"அப்ப ஆச்சு. இந்த விஷயத்துல பொண்ணு சொல்றதுதான் சொல்லு. வேற சாட்சி கிடையாது."

"பொம்பள பேச்சுக்கு என்ன மதிப்பு?" என்று ஆயுள் முழுக்கச் சொல்லி வந்த மாமியார் கையிலிருந்த நாள்காட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மெத்தைக்கடைக்காரன் குதித்து எழுந்தான். "அப்ப மூணாவதையும் இப்பவே சொல்றேன். தலாக்!"

"உக்காருப்பா," என்றார் இமாம். "அதச் சொல்றதுக்கு உனக்கு இப்ப பொண்டாட்டி இல்ல."

சாட்சிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு இமாமின் முன்னால் வந்து நின்றாள்.

"ஹஜ்ரத், போன தடவையும் இந்தச் சட்டம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அன்னிக்கும் நீங்கதான் இந்த நாற்காலியில உக்காந்திருந்தீங்க. மாமியோட வட்டத்தப் பாத்தீங்க. நான் இதே நிலைப்படியிலதான் நின்னேன். என்கிட்ட ஒரு வார்த்த ஏன் கேக்கல?"

இமாம் தோள்துண்டைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள். கண்ணாடிக் கடை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.