உறுமலைக் கொன்றவன்

வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையில், சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஒரு தோளை நுழைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்திருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் போனைத் தொடுகிறவன் இல்லை நான். ஆனால் இது இரட்டை அதிர்வு. ஒரே ஒரு தளத்திலிருந்து செய்தி வந்தால் மட்டும் அப்படி அதிரும்படி வைத்திருந்தேன். ஆறு வருடமாக அது அதிரவே இல்லை. சட்டென்று நிமிர்ந்ததில் பின்மண்டை கம்பிச்சுருளில் நங்கென்று இடித்தது. "அய்யோ, ஷாக் அடிச்சிடுச்சா?" என்று வீட்டுக்கார அம்மா பதறினார். டார்ச்சை எடுக்காமலே இல்லை என்று தலையாட்டினேன். திரையில் இரண்டே வரி. "அண்ணா, ரிலே மாத்தச் சொன்னது நீங்கதானே? ஒரு உதவி வேணும்." அனுப்பியவரின் ஆங்கிலப் பெயர், தமிழில் சொன்னால் மூணாவது மாடி.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வாயு நிரப்பியபோது அளவை மூன்று தடவை பார்த்தேன். ஒரு தடவையும் மனதில் நிற்கவில்லை.

உறுமல் என்று ஒரு இசை இருந்தது. சிரிக்காமல் கேட்க வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருந்த அறுபது பேர், அவரவர் வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தத்தைப் பதிவுசெய்து, அதன்மேல் ஒரு சுரமோ இரண்டு சுரமோ வைத்துப் பாட்டாக்கினார்கள். விதி இரண்டுதான். ஃப்ரிட்ஜ் சொந்த வீட்டினுடையதாக இருக்க வேண்டும். அது ஓட ஆரம்பிக்கும்போது பாட்டு ஆரம்பித்து, அது நிற்கும்போது நின்றுவிட வேண்டும். பாட்டு எவ்வளவு நேரம் என்பதை இசையமைப்பாளர் முடிவு செய்வதில்லை, உள்ளே இருக்கிற தயிரும் தக்காளியும் முடிவு செய்யும். ஒன்பது மாதம் இருந்தது. பிறகு செத்துப்போனது.

இணையத்தில் இந்த மாதிரி குட்டி இசைகள் எத்தனையோ வந்து போயின. முதலில் பெயர் பிறக்கும், பிறகுதான் பாட்டு. போனில் காத்திருக்கச் சொல்லிப் போடுகிற இசையை மெதுவாக்கிப் போட்ட கூட்டம் ஒன்று நாலு மாதம் ஆட்டம் போட்டது. பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாகக் கேட்பதுபோலவே எல்லாப் பாட்டையும் செய்தது இன்னொரு கூட்டம். ஒரு வகையில் மொத்தமே நாலு பாட்டு, அதை விளக்கிப் பதினேழு கட்டுரை. மூன்றாம் மாதமே யாராவது வந்து, "ஆரம்பத்தில் இருந்த உயிர் இப்போது இல்லை" என்று பெருமூச்சு விடுவார். அவர் சொல்கிற ஆரம்பம் போன மாதம். எனக்கு இதெல்லாம் வெல்லக்கட்டி. நூறு வருடம் நிற்கப்போகிற இசைக்கு என் தயவு தேவையில்லை. அறுபது பேர் கேட்கிற பாட்டுக்குத்தான் அறுபத்தோராவது ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதில் ஒரு கர்வம் இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

உறுமலுக்குள் நான் வந்ததே தொழில் விஷயமாகத்தான். ஒரு புது மாடல் கம்ப்ரசரின் சத்தம் எப்படி இருக்குமென்று தேடப்போய், மூணாவது மாடியின் முதல் பாட்டில் விழுந்தேன். அவரும் ஃப்ரிட்ஜின் சுருதியிலேயே, வாயை மூடிக்கொண்டு முனகுவார். அவ்வளவுதான். ஆனால் அவர் ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓட ஆரம்பிக்காது. உறுமும். ஏழெட்டு நொடியில் 'டக்' என்று அடங்கும். அவரும் கூடவே நிறுத்திவிடுவார். ஒரு நிமிடத்துக்குமேல் ஒன்றுமே இருக்காது. மறுபடி உறுமல், மறுபடி முனகல், மறுபடி 'டக்'. அந்த இடைவெளியில் மூச்சு விடக்கூட மறந்து உட்கார்ந்திருப்பேன். "மிஷின் சத்தத்துக்கு வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கற ஒரே மனுஷன் நீங்கதான்" என்பாள் என் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். மனிதர்களை ஊசியால் குத்திவிட்டு அவர்கள் கத்துவதைக் கேட்கிறவள். ரசனையைப் பற்றி அவள் பேசக்கூடாது.

அந்த 'டக்'கைப் பற்றி உறுமல்காரர்களின் இணைய மன்றத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். காத்திருப்பின் தாளம் என்றார் ஒருவர். எனக்கோ அது பழுதின் சத்தம். கம்ப்ரசரின் இடுப்பில் தீப்பெட்டி அளவில் ரிலே என்று ஒன்று இருக்கும். மோட்டாரை ஒரு தள்ளு தள்ளி ஓடவிடுவது அதன் வேலை. அது சோர்ந்துவிட்டால் மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமிச் சூடாகும், உடனே பாதுகாப்புக் கருவி 'டக்' என்று மின்சாரத்தை அறுத்துவிடும். ஆறியதும் திரும்ப முயலும். இப்படியே விட்டால் ஒருநாள் கம்ப்ரசரே கருகிப்போகும். பன்னிரண்டாவது பாட்டில் அந்த உறுமல் ரொம்பவே திணறியது. கேட்டுக்கொண்டே இருக்க ரசிகனால் முடியும், மெக்கானிக்கால் முடியவில்லை. எந்த நாட்டு ஆளோ, தமிழ் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியத்தில், மனம் ஆறுவதற்காகத் தமிழிலேயே எழுதினேன். "ரிலே போச்சு. ஒரு வாரத்துக்குள்ள மாத்துங்க. இல்லன்னா கம்ப்ரசர் எரிஞ்சிடும்."

ஒரு மணி நேரத்தில் பதில். "நன்றி அண்ணா. நாளைக்கே மாத்திடறேன்."

தமிழ்! உலகத்தின் தலைசிறந்த உறுமல் கலைஞர் தமிழ்! அன்றைக்கு நான் கடையில் ஆடாத குறைதான்.

அதன்பிறகு மூணாவது மாடியிடமிருந்து ஒரு பாட்டும் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். உறுமல் ஏன் செத்தது என்று அலசி அலசி எழுதினார்கள், புதுமை தீர்ந்தது என்றார்கள், காலம் மாறியது என்றார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். ரிலேயை மாற்றிவிட்டார். ஒரு இசையையே நான் பழுது பார்த்துக் கொன்றுவிட்டேன். ஆறு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, நான்தான் என்று பதில் போட்டு, அவர் உடனே அனுப்பிய எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தது ஒரு பெண் குரல். முனகலாக மட்டுமே கேட்டிருந்த குரல் இப்போது வார்த்தை பேசியது.

"என்னால உங்க பாட்டு போயிடுச்சும்மா" என்றுதான் முதலில் வாயில் வந்தது.

"அய்யோ, அப்படியா நெனச்சிட்டிருந்தீங்க?" என்றார். "அந்த ஃப்ரிட்ஜுலதாண்ணா அம்மாவோட இன்சுலின் இருந்துச்சு. நீங்க சொல்லலன்னா கெட்டே போயிருக்கும், எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அப்புறம் எத்தனையோ தடவ பாடிப் பாத்தேன். சத்தம் சாதாரணமா ஆயிடுச்சு, எனக்கு எங்க நிறுத்தறதுன்னே தெரியல."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அம்மா போன மாசம் போயிட்டாங்க. சனிக்கிழம வீட்டக் காலி பண்றேன். மத்தியானம் பழைய சாமான்காரர் ஃப்ரிட்ஜத் தூக்கிட்டுப் போயிடுவார். இப்ப அதுல ஒண்ணுமே இல்லண்ணா. இப்ப கெட்டா பரவால்ல. அந்தப் பழைய கோளாற மறுபடி கொண்டுவர முடியுமா? ஒரே ஒரு தடவ?"

இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஃப்ரிட்ஜைக் கெடுத்துத் தரச்சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒரு பக்கம் துக்கம், இன்னொரு பக்கம் பதின்மூன்றாவது பாட்டு என்று உள்ளே ஒருவன் குதிக்கிறான். அந்த நேரத்தில் குதித்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் குதித்தேன். மாடல் எண்ணையும் முகவரியையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

கடையில் கழற்றிப்போட்ட ரிலேக்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே கலகலத்தால் முழுப் பிணம், உதவாது. எனக்கு வேண்டியது பாதி உயிரோடு இருக்கிற ஒன்று. தேறியவற்றைப் பரிசோதனைக் கம்ப்ரசரில் மாட்டி மாட்டிப் பார்த்தேன். ஒன்று உடனே கிளம்பியது, சனியன். ஒன்று கிளம்பவே இல்லை. முதலாளி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ், நல்லத எடுத்துட்டுக் கெட்டத மாட்டற? மண்ட கழண்டுபோச்சா?"

"ஆமா மொதலாளி" என்றேன். வேறு என்ன சொல்ல?

பதினெட்டாவது ரிலே, இரண்டு தடவை திணறி 'டக்' என்றது, மூன்றாவதில் ஓடியது. அதே தாளம். கண்ணில் நீர் வந்துவிட்டது. முதலாளி இரண்டடி பின்னால் போனார். அன்றைக்கே கூரியரில் அனுப்பினேன். மாட்டுகிற விதத்தைப் படம் வரைந்து வைத்து, கீழே எழுதினேன்: கிளம்பி ஓடிவிட்டால் நாற்பது நிமிடம், அதற்குமேல் ஒரு நொடிகூடக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கிளம்பாவிட்டால் ஆறு தடவையோடு நிறுத்த வேண்டும். ரசிகன் கேட்டாலும் மெக்கானிக் அதற்குமேல் விடமாட்டான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் நேரலையில் வருவதாக மன்றத்தில் ஒரு வரி போட்டார். ஆறு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒன்பது பேர். பதினான்கு. இருபத்தேழு. இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் இவர்கள்! சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்தேன். நடந்ததையெல்லாம் முந்தின நாள்தான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். "இன்சுலினா?" என்று மட்டும் கேட்டாள். இப்போது ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

காலி வீட்டின் எதிரொலி முதலில் வந்தது. பிறகு உறுமல். அதன் அடியில், அதே சுருதியில், அந்தக் குரல். முன்பைவிடக் கனத்திருந்தது. 'டக்.' குரலும் நின்றது. இருபத்தேழு பேரில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டாவது உறுமல், இரண்டாவது 'டக்'.

அடுத்தது மூன்றாவது. கடையில் அது மூன்றாவதில்தான் ஓடியது. ஓடிவிட்டால் காத்திருப்பு முடிந்தது, நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வாழ்நாளெல்லாம் மோட்டாரின்மேல் கைவைத்து, கிளம்பு கிளம்பு என்று கெஞ்சியவன் நான். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, கிளம்பாதே, இன்னும் ஒரு தடவை தோற்றுப் போ, அவர் இன்னும் ஒரு தடவை நிறுத்தட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் உர்ரென்று ஓட ஆரம்பித்தது. நான் திரும்புவதற்குள் மனைவி எழுந்து சமையலறைக்கு ஓடினாள். சத்தம் அற்றுப்போனது. பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றாள், துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "சத்தத்தக் கூட்டுங்க" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். போனில் மூன்றாவது உறுமல் எழுந்தது.