டெல்பர்ட் சுவிட்ச் போட்டானா

பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு ரோண்டா தன் கணவனைப் பார்த்தாள். மேய்ச்சல் நிலத்தின் நடுவே ராக்கெட்டை நிறுத்திவிட்டு டெல்பர்ட் பேண்ட்டில் கையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தான். ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் ராக்கெட். குளிர்காலம் முழுக்க வீட்டில் அதன் பசை நாற்றம்தான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு மாதக்கணக்காகிறது.

மைக்கும் பொத்தானும் இன்று ரோண்டா பொறுப்பு. டெல்பர்ட்டுக்கு இரண்டாம் நிலைப் பரீட்சை. ராக்கெட் மேலே போகவேண்டும், பாராசூட் விரியவேண்டும், உடையாமல் எடுத்துவந்து காட்டவேண்டும், அவ்வளவுதான். சும்மா துணைக்கு வந்தவள் ரோண்டா. போன வருடம் இதே பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அவனோ பாராசூட்டை விரிக்கும் கருவிக்கு சுவிட்ச் போட மறந்தான். ராக்கெட் தலைகீழாக வந்து மாட்டுச் சாணிக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழம் புதைந்தது. விச்சிட்டா ராக்கெட் கிளப்பில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். “இந்தத் தடவையும் போச்சுன்னா எல்லாத்தையும் வித்துட்டு மீன் புடிக்கப் போயிடுவேன்” என்று காலையில் சொன்னான். மீனைத் தொடவே அருவருப்புப் படுகிறவன்.

“சுவிட்ச் போட்டியா?” மைக்கில் கேட்டாள்.

“போட்டாச்சு.”

அடுப்பை அணைத்தாயா என்றாலும் இதே ‘ஆச்சு’தான் வரும். போய்ப் பார்த்தால் பாதி நாள் எரிந்துகொண்டிருக்கும். மேற்கேயிருந்து மேகம் வேறு நகர்ந்து வந்தது; தலைக்கு மேலே மூடிவிட்டால் இன்றைக்கு ஏவ விடமாட்டார்கள். கிளப்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று காத்திருந்தார்கள். ரோண்டா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். பொத்தான் வேலை செய்யாதபடி அதன் பெட்டியிலிருந்த சாவியை உருவினாள்.

“நிறுத்தறேன். போய்ப் பாத்துட்டு வா.”

டெல்பர்ட் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். முகம் சிவந்துபோயிற்று. ராக்கெட்டை நோக்கித் திரும்பி நடந்தான். பரீட்சை பார்க்க வந்த எம்மெட்டும் கூடப் போனார்.

வரும்போது டெல்பர்ட் சத்தமாகவே சொன்னான்: “மறந்துதான் போயிட்டேன். நல்லவேளை, இவ கேட்டா.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“கல்யாணத்துக்காச்சும் ஞாபகமா வந்தியாப்பா?” என்றது ஒரு குரல்.

“அன்னிக்கும் இவதான் கார் அனுப்பினா” என்றான் டெல்பர்ட்.

பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று ரோண்டா மனசுக்குள் நிமிர்ந்துகொண்டாள். எம்மெட் அவள் பக்கத்தில் குனிந்து, மைக்கைக் கையால் பொத்தினார்.

“போட்டுத்தான் இருந்துச்சு. சுவிட்ச் போட்டா வர்ற பீப் சத்தம் பத்தடி தள்ளியே கேட்டுச்சு. யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டான்.”

ரோண்டா டெல்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் அவள் தலைகுனியக் கூடாதென்று, தன் முகத்தில் தானே கரியைப் பூசிக்கொண்டு இளித்துக்கொண்டு நிற்கிறான், மடையன். அவனை ஓங்கி ஒரு குத்து விடவேண்டும், கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது. மேகமோ நெருங்கிவிட்டது. சாவியைச் செருகி, குரல் நடுங்காமல் ஐந்திலிருந்து எண்ணி, அழுத்தினாள்.

சத்தம் நெஞ்சில் அறைந்தது. ராக்கெட் மேகத்தின் ஓரத்தை உரசிப் புள்ளியாகி, புள்ளியும் காணாமல் போயிற்று. பாராசூட் தெரிந்ததும் மைக்கில் சொல்லவேண்டியது அவள் வேலை. எல்லோரும் அண்ணாந்து நிற்க, அவள் மட்டும் டெல்பர்ட்டைப் பார்த்தாள். தொப்பியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, மூச்சு விடாமல் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு அவன் உதட்டோரம் மெல்லச் சிரிப்பு துளிர்த்தது.

வானத்தை ஏறிட்டும் பாராமல் ரோண்டா மைக்கை எடுத்து, “விரிஞ்சிருச்சு” என்றாள்.